‘டிக்’ என்கிறது, வண்டியோ கிளம்பவில்லை!

மாட்டு வண்டி வைத்திருந்த நம் முன்னோர், மாடு எழ மறுத்தால் முதலில் அதன் கண்ணைப் பார்த்தனர், வயிற்றைத் தடவினர், மூச்சு எவ்வாறு வருகிறதென்று காது கொடுத்துக் கேட்டனர். அதன் பின்னரே வைத்தியரைத் தேடிச் சென்றனர். இன்று நம் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் மாட்டுக்குப் பதிலாக மோட்டார் கார் நிற்கிறது. கடன் பெற்றும், சிறுகச் சிறுகச் சேமித்தும் வாங்கிய வண்டி அது. அவ்வண்டி எழ மறுக்கும்போது மட்டும் நாம் பாராமலும் கேளாமலும் கைகளைப் பிசைந்து நிற்கிறோம்.

சாவியைத் திருகுகிறோம். ‘டிக்’ என்றோர் ஒலி எழுகிறது. எஞ்சின் அசையவில்லை. மீண்டும் திருகுகிறோம், மீண்டும் அதே ‘டிக்’. கார் வைத்திருப்போர் ஏறக்குறைய அனைவரும் என்றேனும் ஒரு நாள் சந்திக்கும் தொல்லை இது. அது வேளை பார்த்து வருவதுமில்லை. பேறுகால வலி கண்ட மகளை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். நெஞ்சு வலிக்கிறதென்று வயது முதிர்ந்த தந்தையார் திண்ணையில் அமர்ந்திருப்பார். அவ்வேளையில் முதற்கடமை ஒன்றே: 108 எண்ணுக்கு அழைத்து ஆம்புலன்ஸ் வண்டியை வரவழைப்பது, அல்லது அண்டை வீட்டாரின் உதவியைக் கேட்பது. கெட்டுப்போன காரோடு போராடி ஒரு நிமிடத்தையும் வீணாக்கலாகாது. உயிருக்கு ஆபத்தில்லாத மற்ற வேளைகளில், நிதானமாக நோயறிந்து செயற்படலாம். அதற்கு வழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயறியாமல் மருந்து கொடுப்பதால் வரும் இழப்புகள் இரண்டு. ஒன்று, பணம். நல்ல பாட்டரியைத் தூக்கியெறிந்து புதியது வாங்கியபின், குற்றம் வேறெங்கோ இருந்ததென அறிந்து வருந்துவோர் உண்டு. மற்றொன்று, உடற்சேதம். பாட்டரியில் அமிலமும் உண்டு. வெடிக்கக்கூடிய வாயுவும் உண்டு. எனவே இதனைக் குடும்பத்தார் அனைவரும் தெரிந்திருத்தல் நலம். ஆண்களுக்கு மட்டுமே உரிய அறிவு இது என்று எண்ண வேண்டியதில்லை.

கைப்பிடியிலிருந்து சாவிக்கு

முற்காலத்துக் கார்களை உயிர்ப்பிக்க, முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையாற் சுழற்ற வேண்டும். எஞ்சின் திடீரெனப் பின்னோக்கி உதைத்தால் சுழற்றுபவரின் மணிக்கட்டு முறிந்துவிடும். இந்த அவதியை நீக்கியவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங் என்பார். அவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. கடைகளில் பணம் பெறும் பதிவு இயந்திரத்துக்கு அவர் முன்னரே ஒரு சிறு மோட்டாரை அமைத்திருந்தார். சில நொடிகளே இயங்கவேண்டிய மோட்டார் சிறியதாயிருந்தாலும் போதும், அந்தச் சில நொடிகளில் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பதே அவர் கண்ட உண்மை.

இன்றும் நம் கார்களில் உள்ள ஸ்டார்ட்டர் அத்தகையதே. அது நெடுநேரம் உழைக்கப் பிறந்ததன்று. ஆகையால் ஒரு முறை 5 முதல் 10 நொடிகளுக்கு மேல் சாவியைத் திருகிப் பிடிக்கலாகாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது ஓய்வு தர வேண்டும்.

நம் நாட்டு அம்பாசடர் காருக்குக் கைப்பிடியும் உடன் வந்தது. பாட்டரி சோர்ந்தாலும் ஓட்டுநர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிக் கிளப்பிவிடுவார். 2014ஆம் ஆண்டில் அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. இன்றைய கார்களில் கைப்பிடிக்கு இடமில்லை. பாட்டரியும் ஸ்டார்ட்டரும் கைவிட்டால் வண்டி வெறும் இரும்புப் பெட்டியே.

உள்ளே நடப்பது என்ன?

பாட்டரி, சொலினாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகிய மூன்றையும் அறிந்துகொண்டால் போதும். பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் உருவாக்கிய ஈய-அமில பாட்டரியின் வழிவந்ததே நம் கார் பாட்டரி. அதனுள் ஆறு அறைகள் உள்ளன. அறையொன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட் வீதம், முழுமையாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் காட்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டம் மிகப் பெரிது. சிறிய பெட்ரோல் காருக்கே ஏறக்குறைய 100 முதல் 200 ஆம்பியர் வரை தேவை. டீசல் வண்டிக்கு இன்னும் அதிகம். இவ்வளவு மின்னோட்டத்தைச் சாவியின் மெல்லிய கம்பிகள் தாங்கமாட்டா. ஆதலால் சாவி சொலினாய்டு என்னும் மின்காந்தத்துக்குக் கட்டளை மட்டும் இடுகிறது. காந்தம் தன்னுள் இருக்கும் இரும்புத் தண்டை இழுக்கிறது. அத்தண்டு ஒரே வேளையில் இரு பணிகளைச் செய்கிறது: சிறிய பற்சக்கரத்தைத் தள்ளி எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு கோக்கிறது, கனத்த செப்புத் தொடுமுனைகளை இணைத்து மோட்டாருக்குப் பெரு மின்னோட்டத்தைத் திறந்துவிடுகிறது.

நாம் கேட்கும் ‘டிக்’ ஒலி பெரும்பாலும் இந்தத் தண்டு நகரும் ஒலியே. ஆகவே ‘டிக்’ ஒலி நமக்குச் சொல்லும் முதற்செய்தி நற்செய்திதான்: சாவி தன் கட்டளையை அனுப்பிவிட்டது, கட்டளை சொலினாய்டை எட்டிவிட்டது. அதற்கு அப்பால்தான் வேலை தடைப்பட்டிருக்கிறது.

காது கொடுத்துக் கேளுங்கள்

மருத்துவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்பது போல, நாமும் முதலில் ஒலியைக் கேட்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, வானொலியையும் விசிறியையும் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.

‘டிக் டிக் டிக் டிக்’ என்று விரைவாக அடுக்கடுக்காய் ஒலித்தால், பெரும்பாலும் பாட்டரி சோர்ந்திருக்கிறது. அல்லது அதன் முனைகளில் இணைப்புச் சரியில்லை. காரணம் எளிது. தண்டை இழுக்கும் அளவுக்கு பாட்டரியில் வலு இருக்கிறது. ஆனால் மோட்டார் பெரு மின்னோட்டத்தை இழுத்த கணமே வோல்ட் சரிகிறது, காந்தம் பிடியை விடுகிறது, தண்டு திரும்புகிறது. சுமை நீங்கியதும் வோல்ட் மீண்டும் எழுகிறது. தண்டு மீண்டும் பாய்கிறது. வாசலில் உள்ள மின்சார மணி தன்னைத் தானே தொட்டும் விட்டும் அடித்துக்கொள்வது போன்றதே இது.

‘டக்’ என்று கனமாக ஒரே ஒரு முறை ஒலித்து அடங்கினால், சொலினாய்டு இழுத்துவிட்டது, மோட்டார்தான் சுற்றவில்லை. செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருக்கலாம். எஞ்சினுக்கான எர்த் பட்டை பழுதாயிருக்கலாம். அரிதாக எஞ்சினே இறுகியிருக்கலாம்.

டாஷ்போர்டின் கீழிருந்து மெல்லிய ஒரு ‘டிக்’ மட்டும் வந்தால், அது ரிலே எனப்படும் சிறு பெட்டியின் ஒலி. கட்டளை சொலினாய்டை எட்டவில்லை என்பதையே அது பெரும்பாலும் காட்டும்.

ஒலியே இல்லையெனில் நோய் வேறு. கிளட்சை முழுவதும் மிதித்தோமா? தானியங்கிக் கியர் வண்டியாயின் நெம்புகோல் உரிய இடத்தில் நிற்கிறதா? பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியாயின், சாவிக்குள் இருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டதா? இவற்றைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையெனில், அது பெட்ரோல் அல்லது தீப்பொறியைப் பற்றிய வழக்கு. அதற்கும் இந்த ‘டிக்’ ஒலிக்கும் உறவில்லை.

விளக்கு சொல்லும் சாட்சி

கருவி எதுவும் இன்றிச் செய்யக்கூடிய அருமையான சோதனை ஒன்று உண்டு. முன் விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்திருக்க, மற்றொருவர் சாவியைத் திருகட்டும்.

விளக்கு தொடக்கத்திலேயே மங்கலாக எரிந்து, சாவியைத் திருகியதும் மேலும் மங்கினால், பாட்டரி காலியாகிவிட்டது என்று கொள்ளலாம். நன்றாக எரிந்த விளக்கு சாவியைத் திருகியதும் அறவே அணைந்துபோனால், பாட்டரி முனையில் இணைப்புத் தளர்ந்திருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் பளிச்சென்று எரிய, ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டால், பெரு மின்னோட்டம் மோட்டாரை அடையவே இல்லை. அப்போது பாட்டரியின் மேல் பழி போடுவது தகாது. ஸ்டார்ட்டரையும், அதற்குச் செல்லும் கம்பியையும், எர்த் பட்டையையும் பார்க்க வேண்டும்.

“விளக்குத்தான் எரிகிறதே, பாட்டரி எப்படிக் காலியாகும்?” என்று கேட்போர் உண்டு. முன் விளக்குகள் இரண்டும் தலா 55 வாட் எனில், இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டருக்கோ அதைப்போல் பதினைந்து மடங்கு வேண்டும். மாடியிலுள்ள தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் குழாயில் சொட்டுச் சொட்டாக வரத்தான் செய்யும்; அதைக்கொண்டு வயலுக்குப் பாய்ச்ச முடியுமா? விளக்கு எரிவது சொட்டு நீர். எஞ்சினைச் சுற்றுவது வயற்பாய்ச்சல்.

முனைகளைத் துப்புரவாக்குதல்

பாட்டரியின் முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் மாவு போன்ற படிவத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அமில ஆவி உலோகத்தைத் தின்றதன் விளைவு அது. கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அது அசைந்தால், நோயில் பாதியைக் கண்டுவிட்டீர்கள்.

சரிசெய்யுமுன் கடிகாரம், மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். இரு முனைகளுக்கிடையே உலோகம் பட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து, விரலைத் தீய்த்துவிடும். எஞ்சினையும் சாவியையும் நிறுத்திவிட்டு, முதலில் எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும், பின்னரே நேர்முனை. திரும்ப மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. எதிர்முனையைக் கழற்றாமல் நேர்முனையில் ஸ்பானரைப் போட்டு, அது தவறிக் காரின் உடலில் பட்டால் பெருந்தீப்பொறி பறக்கும்.

அறைகளின் மூடிகள் இறுக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டு, ஒரு குவளை நீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்துப் படிவத்தின் மேல் ஊற்றுங்கள். அது நுரைத்து அமிலத்தைத் தணிக்கும். பின்பு நீரால் கழுவித் துடைத்து, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக மாட்டி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். இதற்கு ஆகும் செலவு சில ரூபாய்களே. பற்பல வண்டிகள் இந்த ஒரு வைத்தியத்திலேயே எழுந்துவிடுகின்றன.

எண்கள் பொய் சொல்லா

மின்சாமான் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர், வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போன்றது. வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின், பாட்டரி முனைகளில் அதை வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் எனில் முழுச் சார்ஜ், 12.2 எனில் ஏறக்குறைய பாதி, 12.0 எனில் கால் பங்கே மிச்சம். 10.5 வோல்ட் அளவிலேயே நின்று, சார்ஜ் ஏற்றியும் உயராவிட்டால், ஆறு அறைகளில் ஒன்று இறந்துவிட்டது என்று ஐயுறலாம்.

இன்னும் தெளிவான சோதனை, சாவியைத் திருகும்போதே வோல்ட்டைப் பார்ப்பது. 12.5 காட்டிய பாட்டரி, சாவியைத் திருகியதும் 9.6க்குக் கீழே வீழ்ந்தால், அதற்குச் சுமை தாங்கும் வலு இல்லை; சார்ஜ் ஏற்றியபின்னும் அவ்வாறே வீழ்ந்தால், அதை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. சாவியைத் திருகியும் 12க்கு மேலேயே நின்றால், பாட்டரி குற்றமற்றது.

அவ்வாறாயின் குற்றவாளி யார்? ஒரு கணக்கைப் பார்ப்போம். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறி, அதன் தடை ஓர் ஓமில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றாது. ஆனால் 150 ஆம்பியர் அதன் வழியே செல்ல முயலும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. பாட்டரி புதிதாயினும் ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவது சோர்ந்த பாட்டரி தருவதைப் போன்ற வலுவே. இந்த வண்டிக்கு அடுத்தடுத்து இரண்டு புதிய பாட்டரிகள் வாங்கினாலும் நோய் தீராது. தீர்ப்பதற்கு வேண்டியது பின்னிய செப்புப் பட்டை ஒன்று மட்டுமே.

இதைக் கண்டறிய, மீட்டரின் ஒரு முனையை பாட்டரியின் எதிர்முனைக் கம்பத்திலும், மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, மற்றொருவரைச் சாவியைத் திருகச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட் அளவில் காட்டினால் நலம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் குற்றம் உண்டு.

ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்ப்பது

மெக்கானிக்குகள் ஸ்டார்ட்டரின் மேல் மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியைத் திருகச் சொல்வதைப் பார்த்திருப்போம். தேய்ந்த கார்பன் பிரஷ் அந்த அதிர்வில் சற்று நகர்ந்து தொடுவதால் வண்டி சில வேளை கிளம்பிவிடும். இது நோயைக் காட்டும் சோதனையேயன்றி மருந்தன்று. ஒரு தட்டில் கிளம்பிய வண்டி நாளை நடுவழியில் நிற்கும். ஸ்டார்ட்டர் முழுவதையும் மாற்றவேண்டும் என்பதுமில்லை. பல வண்டிகளில் பிரஷ்களையோ தொடுமுனைகளையோ மட்டும் மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனால் வண்டியின் அடியில் படுத்து இதைச் செய்ய நாம் முயல வேண்டாம். பழகியவரிடம் விட்டுவிடுவதே முறை.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் எண்ணற்ற கார்கள் வெள்ளத்தில் மூழ்கின. நீர் வடிந்ததும் எவருக்கும் எழும் முதல் ஆசை, “கிளம்புகிறதா, பார்ப்போம்” என்பதே. அந்த ஆசையை அடக்க வேண்டும். காற்றுக்குழாய் வழியாக எஞ்சினுள் நீர் புகுந்திருந்தால், சாவியைத் திருகும்போது பிஸ்டன் அந்த நீரை அழுத்த முயலும். காற்று அமுங்கும், நீர் அமுங்காது. உள்ளிருக்கும் இரும்புத் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகும். இவ்வாறு வந்த சேதத்துக்கு, தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலன்றி, காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இழப்பீடு தருவதில்லை. நீரில் நின்ற வண்டி ‘டக்’ என்று ஒலித்து நின்றால், இரண்டாம் முறை திருகாதீர்கள். பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மற்றொரு வண்டியிலிருந்து உயிர் பெறுதல்

பாட்டரி சோர்ந்ததுதான் நோய் என்று உறுதியானால், மற்றொரு காரின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பலாம். அந்தக் காரும் 12 வோல்ட் வண்டியாயிருக்க வேண்டும். பெரும்பாலான லாரிகளிலும் பேருந்துகளிலும் 24 வோல்ட் உண்டு. வழியில் நிற்கும் லாரி ஓட்டுநர் நல்லெண்ணத்தோடு உதவ முன்வந்தாலும், அன்போடு மறுத்துவிடுங்கள். காரின் மின்னணுச் சாதனங்கள் கருகிவிடும்.

வண்டிகள் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். சிவப்புக் கம்பியின் ஒரு முனையைச் சோர்ந்த பாட்டரியின் நேர்முனையிலும், மறுமுனையை நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் மாட்டுங்கள். கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பாட்டரியின் எதிர்முனையில் மாட்டுங்கள். அதன் மறுமுனையைச் சோர்ந்த பாட்டரியில் மாட்டாமல், பாட்டரிக்குத் தூரமாக, அந்த எஞ்சினின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். நல்ல வண்டியைக் கிளப்பிச் சில நிமிடங்கள் ஓடவிட்டபின், சோர்ந்த வண்டியின் சாவியைத் திருகலாம். கிளம்பியதும் கம்பிகளை மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் கழற்றுங்கள்.

கடைசி இணைப்பு பாட்டரிக்குத் தூரமாக இருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயமன்று. பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும். காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்திருந்தாலே தீப்பற்றும். கடைசி இணைப்பின்போது எழும் பொறி அங்கே விழுந்தால் பாட்டரி வெடித்து, அமிலம் முகத்தில் தெறிக்கும். ஆகவே பாட்டரியின் அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம், குழந்தைகளும் வேண்டாம். கண்ணில் அமிலம் பட்டுவிட்டால் தூய நீரால் 15 நிமிடமாவது இடைவிடாது கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பாட்டரி உப்பியிருந்தாலும், வெடிப்பு விட்டிருந்தாலும் கம்பி கொடுக்கவே கூடாது.

தள்ளிக் கிளப்புவது நம் ஊர்களில் பழகிய முறை. கையால் கியர் மாற்றும் வண்டிக்கே அது பயன்படும். தானியங்கிக் கியர் வண்டிக்கு உதவாது. எஞ்சின் கிளம்பும்வரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுக்கமாகவே இருக்கும் என்பதால், சரிவிலும் நெரிசலான சாலையிலும் இதற்குத் துணிய வேண்டாம். மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் கலப்பு வண்டியாயின், ஆரஞ்சு நிறக் கம்பிகளின் பக்கம் கை வைக்கவே கூடாது. அவற்றில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடுகிறது.

கிளம்பிய பின்னரும் கேள்வி தீரவில்லை

வண்டி கிளம்பியதும் நோய் தீர்ந்ததென மகிழ்வது தவறு. பாட்டரி ஏன் சோர்ந்தது? இரவு முழுவதும் உள்விளக்கோ, டிக்கி விளக்கோ எரிந்திருக்கலாம். வண்டி பல வாரங்கள் ஓடாமல் நின்றிருக்கலாம். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் சிறுதூரம் ஓட்டுவதால், செலவழித்த மின்சாரம் திரும்ப ஏறாமற் போயிருக்கலாம். அல்லது ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாதிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம். 12.6க்கு மேல் எழவேயில்லையெனில் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் சோதிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டைனமோ இருந்த காலத்தில், எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றி, “நிற்கிறதா, ஓடுகிறதா” என்று பார்ப்பார்கள். இன்றைய வண்டிகளில் அதைச் செய்தால் வோல்ட் திடீரென எகிறி மின்னணுப் பாகங்கள் பாழாகும். எவரேனும் அவ்வாறு செய்ய முற்பட்டால் மரியாதையோடு தடுத்துவிடுங்கள்.

பாட்டரியின் ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். குளிர் நாடுகளில் அதற்குப் பகை பனிக்காலம். நம் நாட்டிலோ வெயிலே பகை. வெப்பத்தில் நீர் வற்றி, ஈயத் தகடுகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. மூடி திறக்கும் வகைப் பாட்டரியாயின் மாதம் ஒரு முறை நீர்மட்டத்தைப் பார்த்து, தகடுகள் மூழ்குமளவு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ ஆகாது.

பழைய பாட்டரியை வீட்டுக் கொல்லையில் போட்டு வைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்ளலாம். அதை உடைத்து ஈயம் எடுக்கும் குடிசைத் தொழிலாளரின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளைப் போன்றவர்களே என்பதை நினைத்து, உரிய ரசீது தரும் கடையையே நாடுங்கள்.

மெக்கானிக்கிடம் பேசும் முறை

நேர்மையோடு உழைக்கும் மெக்கானிக்குகள் நம் ஊர்களில் பலர் உண்டு. “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் சொன்னால் அவரும் இருட்டில்தான் தேட வேண்டும். “அண்ணே, செல்ஃப் ஒரே ஒரு தடவை டக்குன்னு அடிக்குது. லைட் மங்கவே இல்லை. பாட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டுது. டெர்மினல் சுத்தமா இருக்கு” என்று சொல்லிப் பாருங்கள். அவருடைய வேலை பாதியாகக் குறையும். நம் செலவும் குறையும். எதையும் மாற்றுமுன், “சோதித்துப் பார்த்தீர்களா? என்ன வோல்ட் வந்தது?” என்று பணிவாகக் கேட்பதில் பிழையில்லை. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நம் உரிமையே.

வரும் விடுமுறை நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள். வண்டியின் முன்மூடியைத் திறந்து, பாட்டரி எது, நேர்முனை எது, எதிர்முனை எது, எர்த் பட்டை எங்கே போகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் அழையுங்கள். நாளை தனியே வண்டி ஓட்டிச் செல்லப்போகிறவர்கள் அவர்களுந்தாம். பாட்டரி வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு சீட்டில் எழுதி வண்டிக்குள் வையுங்கள். கம்பி ஒரு ஜோடி, உப்புத்தாள் ஒரு துண்டு, கைவிளக்கு ஒன்று ஆகியவை டிக்கியில் இருக்கட்டும். இனி ‘டிக்’ என்னும் ஒலி எழும்போது அது நம்மைத் திகைக்க வைக்க வேண்டியதில்லை; எங்கே நோவு என்று வண்டி நமக்குச் சொல்லும் முதல் சொல் அதுவே.